மஞ்சட் கொழுப்பு வியாதி: தீனியினால் விளையும் கொழுப்பழற்சி

பிராணிகளை வளர்ப்போர் பெரும்பாலும் தீனி போதாமற் போவதைக் குறித்தே கவலை கொள்ளுகின்றனர். மெலிந்த பிராணியைக் கண்டால் நோயுண்டோ என்று ஐயுறுவதும், கொழுத்த பிராணியைக் கண்டால் குறையொன்றுமில்லை என்று திருப்தியடைவதும் இயல்பு. ஆயினும் வயிறார உண்டு உருண்டு திரண்டிருக்கும் பிராணியைப் பற்றும் வியாதி ஒன்று உண்டு. அது கிருமியினால் வருவதன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுவதுமன்று. தீனித் தொட்டியிலிருந்தே பிறப்பது. அதற்குக் கொழுப்பழற்சி என்று பெயர். இறந்த பிராணியை அறுத்துப் பார்க்கையில் அதன் கொழுப்பு மஞ்சளாகக் காணப்படுவதால் மஞ்சட் கொழுப்பு வியாதி என்றும் கூறுவர்.

மீன் கழிவு மலிவாகக் கிடைக்கும் இடங்களில் பன்றி, வாத்து, கோழி முதலியவற்றை வளர்ப்போர் இவ்வியாதியின் காரணத்தை அறிந்திருத்தல் அவசியம். மலிவென்று வாங்கிய தீனி, விற்கும் நாளில் விலைபோகாத மாமிசமாக மாறி நிற்குமாயின், அந்த நஷ்டம் வளர்த்த குடும்பத்தைச் சேர்ந்தது. பிராணி வாங்கக் கடன் கொடுத்த சங்கத்தையும் அது பாதிக்கும். காரணத்தை அறிந்தவருக்கு இந்த நஷ்டத்தைத் தடுப்பது கடினமன்று.

1. உடலிற் கொழுப்பு சேரும் விதம்

தோலுக்கடியிலும், குடலைத் தாங்கும் சவ்விலும், சிறுநீரகங்களைச் சுற்றியும், அடிவயிற்றிலும் கொழுப்பு படிந்திருப்பதைக் காணலாம். அது வெறும் நெய்க்கட்டியன்று. கொழுப்பை உள்ளடக்கிய எண்ணற்ற நுண்ணிய உயிரணுக்கள், இரத்தக் குழாய்களோடும் நரம்புகளோடும் கூடி அமைந்த உயிருள்ள திசுவாகும். நல்ல காலத்தில் மிகுந்த ஆகாரத்தைச் சேமித்து வைத்து, பஞ்ச காலத்தில் எடுத்துக் கொடுப்பது அதன் தொழில். வீட்டிலுள்ள நெற்குதிருக்கு அதனை ஒப்பிடலாம்.

குதிரில் எந்த நெல்லைக் கொட்டினோமோ அந்த நெல்லையே திரும்ப எடுக்கிறோம். பன்றி, பூனை, கோழி போன்ற ஒற்றை வயிறுள்ள பிராணிகளின் கொழுப்பும் பெருமளவிற்கு அத்தகையதே. தின்ற கொழுப்பு எவ்வகையோ, உடலிற் சேரும் கொழுப்பும் அவ்வகையை ஒத்திருக்கும். நிலக்கடலையை மிகுதியாகத் தின்ற பன்றிகளின் கொழுப்பு உறையாமல் இளகியிருப்பதைக் கண்டு, அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1920-களில் அதனை விரிவாக ஆராய்ந்தனர். அவ்வாறே மீனை மிகுதியாகத் தின்ற பிராணியின் கொழுப்பில் மீனின் கொழுப்பே குடியேறிவிடும்.

2. கொழுப்பு வகைகளும் காறுதலும்

மார்கழிக் குளிரில் தேங்காயெண்ணெய் உறைந்துவிடுகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. குளிர்ந்த கடலில் வாழும் மீனின் எண்ணெயோ அதனினும் கடுங்குளிரிலும் இளகியே நிற்கும். இதற்குக் காரணம் கொழுப்பின் உள்ளமைப்பாகும். கொழுப்பு அமிலங்கள் கரியணுக்கள் வரிசையாகப் பிணைந்த சங்கிலிகளாகும். தேங்காயெண்ணெயின் பெரும் பகுதியில் இச்சங்கிலிகள் நிறைவுற்றவை. அவற்றில் இரட்டைப் பிணைப்புகள் இல்லை. நல்லெண்ணெய், கடலையெண்ணெய் ஆகியவற்றின் சங்கிலிகளில் ஒன்றோ இரண்டோ இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. மீனெண்ணெயின் சில அமிலங்களில் ஐந்தும் ஆறும் உண்டு. இவற்றை நிறைவுறாக் கொழுப்புகள் என்பர்.

இரட்டைப் பிணைப்புகள் பெருகப் பெருகக் கொழுப்பு இளகியிருக்கும். பிராணவாயு அதனை எளிதில் தாக்கவும் செய்யும். ஆளிவிதை எண்ணெய் கலந்த வர்ணம் பலகையிற் பூசியபின் கெட்டியான ஏடாகக் காய்வது, அவ்வெண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவைக் கவர்வதனாலேயே. மீன் தூள் மூட்டைகளைத் தக்க பாதுகாப்பின்றி அடுக்கிவைத்தால், அதிலுள்ள எண்ணெய் பிராணவாயுவோடு கூடும்போது பிறக்கும் உஷ்ணத்தால் அவை தாமே சூடேறித் தீப்பற்றுவதும் உண்டு.

தின்னும் பொருளில் இது நிகழும்போது அதனைக் காறுதல் என்றும் சிக்குப் பிடித்தல் என்றும் சொல்லுகிறோம். பிராணவாயு ஒரு சங்கிலியைத் தாக்கினால் அந்தச் சங்கிலி நிலைகுலைந்து அடுத்ததைத் தாக்குகிறது. அது தன் அடுத்ததைத் தாக்குகிறது. கோடைக்காலத்தில் ஒரு கூரையிற் பட்ட பொறி தெரு முழுவதும் தாவுவதற்கு இது நிகராகும். இடையிற் பிறக்கும் பெராக்சைடுகள் என்னும் பொருள்களும், அவை சிதைந்து உண்டாகும் பொருள்களும் உயிரணுக்களுக்குத் தீங்கானவை. வெயில், வெப்பம், ஈரம், செம்பு, இரும்பு ஆகியவை காறுதலைத் துரிதப்படுத்தும். மீனில் இட்ட உப்பு அழுகலைத் தடுத்தாலும் எண்ணெய் காறுவதைத் தடுப்பதில்லை. சில சமயம் அதிகப்படுத்தவும் செய்யும்.

3. வைட்டமின் ஈ செய்யும் காவல்

இத்தீயைத் தடுப்பதற்கென இயற்கை அமைத்த பொருள்களில் முக்கியமானது வைட்டமின் ஈ என்னும் ஜீவசத்தாகும். 1922-ல் அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹெர்பர்ட் இவான்ஸ், காதரின் பிஷப் என்ற இருவரும், சுத்தி செய்த ஆகாரத்தை மட்டும் உண்ட எலிகள் கருவுற்றும் குட்டி ஈனாமற் போவதைக் கண்டனர். கீரை முதலிய பசிய ஆகாரத்தைச் சேர்த்ததும் அவை ஈன்றன. அவ்வாகாரத்தில் மறைந்திருந்த பொருளை 1936-ல் கோதுமை முளையின் எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்து, ‘மகப்பேற்றைத் தாங்குவது’ என்ற பொருள்படும் கிரேக்கச் சொற்களால் டோகோபெரால் என்று பெயரிட்டனர்.

இப்பொருளின் தொழில் மகப்பேற்றோடு நின்றுவிடவில்லை. கொழுப்பிற் கரைந்து நின்று, காறுதல் தொடங்கும் இடத்தில் தன்னையே முதலில் பலியாகக் கொடுத்து, அடுத்த சங்கிலிக்குத் தீ தாவாமல் அணைப்பது அதன் வேலை. அவ்வாறு அணைக்கையில் அது செலவழிந்து போகிறது. ஆகவே காவல் வேண்டிய கொழுப்பு எவ்வளவு அதிகமோ, காவலாளும் அவ்வளவு அதிகமாக வேண்டும். வைக்கோலும் சிறிது தானியமும் தின்னும் பிராணிக்குப் போதிய அளவு, எண்ணெய் மிகுந்த மீனைத் தின்னும் பிராணிக்குப் போதாது.

காறுதல் என்பது பாத்திரத்தில் மட்டுமன்றி உயிருள்ள உடலிலும் நிகழ்வதே என்பதனை 1945-ல் ஹென்ரிக் டாம், கிரனாடோஸ் என்பவர்கள் வெளியிட்டனர். வைட்டமின் ஈ இல்லாத தீனியோடு காட் மீனின் ஈரல் எண்ணெயைத் தின்ற எலிகளின் உடற்கொழுப்பிலேயே பெராக்சைடுகள் இருக்கக் கண்டனர். மஞ்சட் கொழுப்பு வியாதியின் மர்மத்திற்கு இதுவே திறவுகோலாக அமைந்தது.

செலினியம் என்னும் உலோகப்போலிச் சத்தும் மிக நுண்ணிய அளவில் இக்காவலில் துணைபுரிகிறது. பெராக்சைடுகளைத் தீங்கற்ற பொருளாக மாற்றும் ஒரு நொதியின் பகுதியாக அது விளங்குகிறது. அது பிராணிகளுக்கு இன்றியமையாதது என்பது 1957-ல் தெரியவந்தது. ஆனால் அளவு மிஞ்சினால் அதுவே விஷமாகும். ஆதலால் வைத்தியர் சொல்லாமல் அதனைக் கொடுத்தல் தகாது.

4. வியாதி முற்றும் விதம்

மேற்கூறிய இரண்டும் சேரும்போது, அதாவது நிறைவுறாக் கொழுப்பு மிகுந்தும் வைட்டமின் ஈ குறைந்தும் தீனி அமையும்போது, வியாதிக்கு விதை விழுகிறது. முதலில் உடற்கொழுப்பின் இயல்பு மாறுகிறது. பிறகு காறுதல் தொடங்கிக் கொழுப்பணுக்கள் மடிகின்றன. மடிந்த அணுக்களிலிருந்து வெளிப்பட்ட கொழுப்பை அந்நியப் பொருளாகக் கருதி, இரத்தத்தின் வெள்ளணுக்கள் அங்கே திரளுகின்றன. அதனால் வீக்கமும் வெப்பமும் வலியும் உண்டாகின்றன. இதுவே அழற்சி.

சிதைந்த கொழுப்பிலிருந்து சீராய்டு என்னும் மஞ்சட் கபில நிறப்பொருள் உண்டாகிறது. சாதாரணக் கொழுப்பைக் கரைக்கும் திரவங்களில் அது கரைவதில்லை. வெள்ளை வெளேரென்றிருக்க வேண்டிய கொழுப்பு, எலுமிச்சை மஞ்சளாகவோ, முற்றிய நிலையில் ஆரஞ்சு கலந்த பழுப்பாகவோ மாறுவது இதனாலேயே. தொட்டால் மெத்தென்றிராமல் கட்டி கட்டியாக இறுகியிருக்கும். பன்றியின் மாமிசத்திலாயின் மீன் நாற்றமும் சேரும்.

5. பல பிராணிகளிடம் கண்ட வியாதி

வடஅமெரிக்காவில் ரோமத்திற்காக வளர்க்கப்படும் மிங்கு என்ற பிராணியிடம் இவ்வியாதி பெருங்கேடு விளைத்தது. மிங்கு கீரியைப் போன்ற நீண்ட உடலையுடையது. மாமிசமும் மீனுமே தின்பது. பண்ணைக்காரர்கள் மலிவான மீன் கழிவுகளை அவற்றுக்குக் கொடுத்தனர். விரைவாக வளர்ந்துவந்த நல்ல குட்டிகளே திடீரென்று மாண்டன. அறுத்துப் பார்த்தபோது தோலின் அடியிலும் தொடையிடுக்கிலும் கொழுப்பு மஞ்சளாக இருந்தது. கார்ல் மேசன், ஹார்ட்சஃப் என்பவர்கள் 1951-ல் தீனிக் கொழுப்பின் வகையையும் வைட்டமின் ஈயின் குறைவையும் இவ்வியாதியோடு இணைத்துக் காட்டினர். வளரும் குட்டிகள் முதலில் இறந்ததன் காரணமும் தெளிவாயிற்று: கொழுப்பை விரைவாகச் சேர்க்கும் உடலுக்கே காவற்சத்து அதிகம் வேண்டும்.

அதே 1951-ல் கோரமும் அவருடன் பணியாற்றியவர்களும் பன்றிகளிடம் இவ்வியாதியைத் தீனியினாலேயே உண்டாக்கிக் காட்டினர். பன்றி வளர்ப்போருக்கு இது பெரிய படிப்பினை. உயிரோடிருக்கும் பன்றியில் குறை வெளியே தெரியாமலே இருக்கக்கூடும். அறுத்த பிறகே மஞ்சள் நிறமும் நாற்றமும் வெளிப்பட்டு மாமிசம் தள்ளுபடியாகும். அதுகாறும் செலவிட்ட தீனியும் உழைப்பும் வீணாகும்.

மூன்றாவதாகப் பூனைகள். 1954-ல் கார்டி என்பவர், கடையில் விற்ற டப்பாத் தீனியை மட்டும் கொடுத்துப் பூனைக்குட்டிகளிடம் வியாதியை உண்டாக்கினார். அதே தீனியோடு வைட்டமின் ஈ சேர்த்துக் கொடுத்த குட்டிகள் தப்பின. பின்னர் டப்பாவில் அடைத்த செந்நிறச் சூரைமீனையே முக்கிய ஆகாரமாகப் பெற்ற பூனைகளிடமும் இவ்வியாதி காணப்பட்டது. உற்பத்தியாளர்கள் தீனியில் வைட்டமின் ஈ சேர்க்கத் தொடங்கியபின் வியாதி வெகுவாகக் குறைந்தது. இன்றும் மீனொன்றையே உண்டு வாழும் வீட்டுப்பூனைகளிடம் அது தலைகாட்டுகிறது.

வளர்ப்புப் பிராணிகளோடு இது நிற்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் குரூகர் தேசியப் பூங்காவின் வழியே ஓடும் ஒலிஃபான்ட்ஸ் ஆற்றில் 2008-ம் ஆண்டு நூற்றுக்கும் மேற்பட்ட முதலைகள் இறந்துகிடந்தன. அவற்றின் கொழுப்பு முழுவதும் இறுகி மஞ்சளாயிருந்தது. ஆற்றின் மாசும், கீழுள்ள அணையினால் நீரோட்டம் மாறியதும், முதலைகள் உண்ட மீன்களின் மாறுதலும் ஆராயப்பட்டன. முழுக் காரணத்தைப் பற்றி அறிஞர்களிடையே விவாதம் இன்னும் தீரவில்லை. ஆயினும் உண்ட மீனின் கொழுப்போடு அது தொடர்புடையது என்பதே பெரும்பாலோர் கருத்து.

ஒரே குறை எல்லாப் பிராணிகளிடமும் ஒரே இடத்தில் வெளிப்படுவதில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. கோழிக்குஞ்சுகளில் வைட்டமின் ஈ குறைந்தால் மூளை நைந்துபோகும். குஞ்சு தலையைப் பின்னுக்கு மடித்துக் கால்களை உதறி விழும். 1931-ல் இது விவரிக்கப்பட்டது. செலினியமும் சேர்ந்து குறைந்தால் தோலின் அடியில் பச்சை கலந்த நீர் கோத்துக்கொள்ளும். வாத்துகளில் தசைகள் நலியும். பன்றிகளில் ஈரலும் இருதயமும் கெட்டுத் திடீர் மரணம் நேரும். ஆகவே மஞ்சட் கொழுப்பு காணப்படாமையே தீனி நன்றாயுள்ளது என்பதற்கு அத்தாட்சியாகாது.

6. மஞ்சளெல்லாம் வியாதியன்று

கொழுப்பு மஞ்சளாயிருப்பது கண்டு அஞ்சுவதற்குமுன் மூன்று நிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, பசும்புல்லின் மஞ்சள். பசுந்தீனியிலுள்ள கரோட்டின் என்னும் நிறப்பொருளைப் பசு முழுவதும் மாற்றிக்கொள்ளாமல் கொழுப்பிலும் பாலிலும் சேர்க்கிறது. பசுநெய் மஞ்சளாகவும் எருமைநெய் வெண்மையாகவும் இருப்பதன் காரணம், எருமை அதனை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதேயாகும். இந்த மஞ்சள் தீங்கற்றது. கொழுப்பு மெத்தென்றும் நல்ல வாசனையோடும் இருக்கும்.

இரண்டாவது, காமாலையின் மஞ்சள். பித்தநீரின் நிறம் இரத்தத்திற் கலப்பதால் கொழுப்பு மட்டுமன்றிக் கண்ணின் வெண்பகுதி, வாயின் உட்சவ்வு, இரத்தக் குழாய்களின் உட்புறம் ஆகியவையும் மஞ்சளாகும்.

மூன்றாவது, இங்கே கூறப்படும் வியாதியின் மஞ்சள். கொழுப்பு மட்டுமே நிறம் மாறி, இறுகி, அழுத்தும்போது வலி தரும். சிக்கு நாற்றமும் வீசக்கூடும். இறந்த பிராணியின் கொழுப்பில் ஐயம் தோன்றினால் அதனை உண்ணாமலும் விற்காமலும், கால்நடை மருத்துவரிடம் காட்டி முடிவு கேட்டல் நலம்.

7. ஆடு மாடுகளின் நிலை

அசைபோடும் பிராணிகளுக்கு இவ்வியாதி அபூர்வமாகவே வரும். அவற்றின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் தீனியிலுள்ள நிறைவுறாக் கொழுப்பைப் பெரும்பாலும் நிறைவுற்றதாக மாற்றிவிடுகின்றன. மாட்டுக்கொழுப்பும் ஆட்டுக்கொழுப்பும் கெட்டியாக உறைவதற்கு இதுவே காரணம். ஆயினும் பால் குடிக்கும் கன்றுக்கு அந்த இரைப்பை இன்னும் வேலை செய்யத் தொடங்கவில்லை. பாலுக்குப் பதிலாக மீனெண்ணெய் கலந்த ஆகாரத்தைக் கன்றுக்குக் கொடுத்து, வைட்டமின் ஈ போதாமற் போனால் அதன் தசைகள் வெளுத்து நலிவடையும். கன்றுக்கு மீனெண்ணெய் பலம் தரும் என்று அளவின்றிக் கொடுத்தல் பிழை.

குதிரை, கழுதைகளின் குட்டிகளிடமும் கொழுப்பழற்சி எப்போதாவது காணப்பட்டுள்ளது. பசுந்தீனி கிடைக்காமல் நெடுநாள் சேமித்த உலர்தீனியை மட்டும் தின்னும் நிலையே பெரும்பாலும் அதற்கு இடமளிக்கிறது.

8. அடையாளங்களும் சிகிச்சையும்

வியாதி கண்ட பிராணி தீனியில் விருப்பமிழக்கும். காய்ச்சல் இருக்கும், சாதாரணக் காய்ச்சல் மருந்துகளுக்கு அது இணங்காது. நடக்கவும் தாவவும் மனமின்றிச் சுருண்டு கிடக்கும். முதுகையோ வயிற்றையோ தொட்டால் சீறும், அலறும். அன்புடன் மடியில் ஏறிய பூனை, கையால் தடவியதும் கடிக்க வருவதுண்டு. தோலுக்கடியிலும் அடிவயிற்றிலும் கட்டி கட்டியாகத் தடைப்படும். சில பிராணிகளிடம் இவ்வடையாளங்களில் ஒன்றும் முன்னதாகத் தோன்றாமல் மரணமே முதற்குறியாக அமைவதுமுண்டு.

முதற் சிகிச்சை தீனியை மாற்றுவதே. மீனையும் சிக்குப்பிடித்த தீனியையும் அன்றே நிறுத்தவேண்டும். வைட்டமின் ஈ கொடுப்பது இரண்டாவது. அதன் அளவும் வலியைத் தணிக்கும் மருந்தும் கால்நடை மருத்துவரின் பொறுப்பு. பிராணியைத் தேவையின்றித் தூக்குவதும் அழுத்துவதும் கூடாது. மருந்து நீரைத் தோலுக்கடியில் ஏற்றினால் வலி மிகும். ஆதலால் வேறு வழியை மருத்துவர் தேர்ந்துகொள்வார். பருத்த பூனை சில நாட்கள் உண்ணாதிருந்தாலே ஈரலில் கொழுப்பேறி மடியும் ஆபத்துண்டு. எனவே புதிய தீனியை ஏற்காவிடில் காத்திருத்தல் தகாது. குணமடைவதற்குப் பல வாரங்களும் சில சமயம் மாதங்களும் ஆகும். காறிய கொழுப்பை உடல் மெல்ல மெல்லவே நீக்கவேண்டியிருப்பது இதன் காரணம்.

9. தடுக்கும் வழிகள்

மீனைத் தீனியாகக் கொடுப்பதே தீது என்று எண்ணலாகாது. மீன் சிறந்த புரதச்சத்தையும் சுண்ணாம்புச் சத்தையும் தருவது. மீனையே முழுத் தீனியாகக் கொடுப்பதும், பழைய மீனைக் கொடுப்பதும், காவற்சத்தில்லாமற் கொடுப்பதுமே தவறு. மத்தி, கானாங்கெளுத்தி, சூரை ஆகியவை எண்ணெய் மிகுந்தவை. இவற்றின் தலையும் குடலும் விரைவில் காறும். அன்று கிடைத்ததை அன்றே கொடுத்தல் வேண்டும். பனிக்கட்டியில் வைத்தாலும் காறுதல் மெதுவாகுமேயன்றி முற்றும் நிற்பதில்லை. வேகவைத்தால் கிருமி சாகும். காறிய எண்ணெய் நல்ல எண்ணெயாக மாறிவிடாது.

தவிடும் இங்கே கவனிக்கத்தக்கது. அரிசித் தவிட்டில் எண்ணெயும் வைட்டமின் ஈயும் சேர்ந்தே உள்ளன. ஆனால் பச்சரிசித் தவிடு ஆலையிலிருந்து வெளிவந்த உடனேயே அதிலுள்ள ஒரு நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்குகிறது. சில நாட்களிற் கைப்பும் வாடையும் தோன்றும். நெல்லைப் புழுக்கும் வெப்பத்தில் அந்நொதி கெட்டுவிடுவதால் புழுங்கலரிசித் தவிட்டில் இச்சிதைவு மெதுவாகவே நிகழும். எண்ணெய் நீக்கிய தவிடு இன்னும் நீண்டநாள் நிற்கும். ஆகவே பச்சரிசித் தவிட்டைக் கொஞ்சங் கொஞ்சமாகப் புதிதாக வாங்குவதே சிக்கனம்.

வைட்டமின் ஈயை மலிவாகத் தருவது பசுந்தீனியே. புதிதாக அறுத்த புல், அகத்தித் தழை, குதிரைமசால், கீரைக் கழிவு, முளைகட்டிய தானியம் ஆகியவற்றில் அது நிறைந்துள்ளது. வெயிலில் நெடுநாள் உலர்த்தியதிலும் மாதக்கணக்கிற் சேமித்த வைக்கோலிலும் பெரும்பகுதி அழிந்துவிடும். மீன் கொடுக்கும் பன்றிக்கும் வாத்துக்கும் அத்துடன் ஒரு கூடை தழையையும் கொடுப்பது நல்ல வழக்கம். பூனைக்குத் தழை பயன்படாது. அதற்கு மீனோடு மற்ற மாமிசமும் முட்டையும் கலந்து, மருத்துவர் கூறும் அளவில் வைட்டமின் ஈ சேர்த்துக் கொடுக்கவேண்டும்.

தீனியை மூடிய பாத்திரத்தில், நிழலில், ஈரமில்லாத தரையில் வைத்தல் வேண்டும். செம்புப் பாத்திரத்திலும் துருப்பிடித்த தகரத்திலும் எண்ணெய்ப் பொருளை வைத்தல் கூடாது. வீணாகிறதே என்று பழைய தீனியைப் புதியதோடு கலப்பது வீட்டில் பலர் செய்யும் பிழை. பழையதிலுள்ள பெராக்சைடுகள் புதியதிலும் காறுதலைத் தொடங்கிவைக்கும். அதன் பயனாகப் பழைய மூட்டை பிழைக்காது. புதிய மூட்டையும் கெடும். மூக்கின் சோதனை அவசியம். ஆனால் அது மட்டும் போதாது. காறுதலின் தொடக்கத்தில் வாடை தெரிவதில்லை. வாடை வருமுன்பே வைட்டமின் ஈ செலவழிந்திருக்கும்.

10. சங்கத்தின் கடமை

தனியொருவர் மூட்டையை அவிழ்த்து மோந்து பார்க்கலாமேயன்றி, தீனி தயாரித்த நாளை வியாபாரியிடம் வற்புறுத்திக் கேட்பது கடினம். ஐம்பது குடும்பங்களுக்காக வாங்கும் சங்கம் அதனைக் கேட்கலாம். கிடைக்காவிடில் சரக்கைத் திருப்பலாம். கூட்டுறவின் பலம் இத்தகைய சிறு காரியங்களிலேயே வெளிப்படுகிறது. சங்கத்தார் பின்வருவனவற்றை வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

(அ) மீன் தூள், தவிடு, பிண்ணாக்கு ஆகியவை வந்த தேதியை மூட்டையின் மேலும் பதிவேட்டிலும் எழுதி, முதலில் வந்ததை முதலிற் கொடுத்தல்.

(ஆ) விலை குறைவாயிருக்கிறதென்று பல மாதத்திற்கு வேண்டியதை ஒரே முறையில் வாங்காதிருத்தல்.

(இ) பெரிய அளவில் மீன் தூள் வாங்கும்போது, பெராக்சைடு அளவைச் சோதனைச் சாலையிற் சோதிக்கச் செய்தல்.

(ஈ) எந்த அங்கத்தினருடைய பிராணியாவது திடீரென்று இறந்தால், அது தின்ற தீனி எந்த மூட்டையைச் சேர்ந்தது என்று விசாரித்து, மீதியை நிறுத்திவைத்துக் கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்தல்.

(உ) சங்கக் கட்டிடத்தின் அருகிலோ அங்கத்தினரின் வரப்புகளிலோ அகத்தி முதலிய தழைமரங்களை நடச்செய்தல்.

தீனியின் மதிப்பை அதன் எடையும் விலையும் மட்டும் நிச்சயிப்பதில்லை. அது எத்தனை நாள் பழையது, அதனோடு வேறென்ன சேர்கிறது என்பவையும் நிச்சயிக்கின்றன. கொழுப்பும் அதன் காவற்சத்தும் ஒன்றாக உடலிற் புகுந்தால் பலம். காவலை இழந்த கொழுப்பு மட்டும் புகுந்தால் வியாதி. இதனை மனத்திற் கொண்டு தீனித் தொட்டியைக் கவனிப்பவர் மஞ்சட் கொழுப்பு வியாதிக்கு அஞ்சவேண்டுவதில்லை.

சங்கக் கூட்டத்தில் ஆராயத்தக்க வினாக்கள்

1. கொழுத்த பிராணியிடமும், விரைவாக வளரும் குட்டியிடமும் இவ்வியாதி தோன்றுவது ஏன்?

2. மீனை வேகவைத்துக் கொடுத்தால் காறுதலின் தீங்கு நீங்குமா? நீங்காதெனில் காரணம் யாது?

3. பசுநெய்யின் மஞ்சளுக்கும், காமாலையின் மஞ்சளுக்கும், கொழுப்பழற்சியின் மஞ்சளுக்கும் வேற்றுமை என்ன?

4. பழைய தவிட்டைப் புதிய தவிட்டோடு கலப்பதால் விளையும் நஷ்டம் எத்தகையது?

5. இச்சங்கத்தின் கிடங்கில் இன்று உள்ள தீனி மூட்டைகளில், வந்த தேதி தெரிந்தவை எத்தனை? தெரியாதவை எத்தனை?